மயில் மீன்: ஓயாமல் கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

மயில் மீன் பற்றி ஒரு காணொளி பரவினாலும் சரி, ஏலக்கூடத்தில் ஒரு பெரிய மயில் மீன் வந்து இறங்கினாலும் சரி, அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

மூக்கு நீளமா இருக்கிற மீன் எல்லாமே மயில் மீன்தானா?

இல்லை. மேல்தாடை ஈட்டிபோல நீண்ட மீன்கள் நம் கடலில் பல வகை உண்டு. அவற்றில் முதுகுத் துடுப்பு உடம்பின் உயரத்தைவிடப் பெரிதாக, கருநீல நிறத்தில் புள்ளிகளோடு, படகுப் பாய்போல விரிந்தால் அது மயில் மீன். இலங்கைப் பக்கம் தளப்பத்து என்பார்கள். மார்லின் என்ற வகைக்கு அந்தத் துடுப்பு முன்பக்கம் மட்டும் தூக்கலாக இருந்து பின்னால் இறங்கிவிடும், உடம்பும் திரண்டிருக்கும். வாள் மீனுக்கு மூக்கு தட்டை, அடிவயிற்றில் துடுப்பே கிடையாது. மயில் மீனுக்கோ அடிவயிற்றில் இழைபோல இரண்டு நீளத் துடுப்புகள் தொங்கும்.

செத்துத் தரையில் கிடக்கும்போது பாயைத் தேடினால் தெரியாது. முதுகில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும், அதற்குள் மடங்கிக் கிடக்கும். விரலை விட்டு முன்முள்ளை நிமிர்த்தினால் ஒவ்வொரு முள்ளாக எழுந்து விசிறிபோல விரியும், பக்கத்தில் நிற்கிற பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். பெரும்பாலும் இரண்டு, இரண்டரை மீட்டர் நீளம். மிகப் பெரியது மூன்று மீட்டரைத் தாண்டும். தூண்டிலில் பிடிபட்டதில் உலகச் சாதனை 1947-இல் கலாபகோஸ் தீவுகளில் பிடித்த 100 கிலோ மீன். பெண் மீன்தான் ஆணைவிடப் பெரிதாக வளரும்.

வேளா மீனும் இதோட சொந்தம்தானே?

கொஞ்சம்கூட இல்லை. வேளாவின் மூக்கு தட்டையான ரம்பம், இரண்டு பக்கமும் பல் வரிசை இருக்கும். அது திருக்கை இனத்தைச் சேர்ந்தது, எலும்பே கிடையாது, குருத்தெலும்புதான். சேறும் மணலும் உள்ள கரையோர அடிக்கடலில் வாழ்வது. மயில் மீன் எலும்புள்ள மீன், மேல்மட்டத் தண்ணீரில் திரிவது. இந்த வித்தியாசத்தைக் கட்டாயம் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வேளா 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். மயில் மீனுக்கு அந்தத் தடை இல்லை.

இது எங்கதான் இருக்கும்? கரையிலிருந்து எவ்வளவு தூரம் போகணும்?

சூடான கடல் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம். இந்தியப் பெருங்கடல், பசிபிக், அட்லாண்டிக் மூன்றிலும் வெப்பமண்டலப் பகுதிகளில் உண்டு. அட்லாண்டிக்கில் இருப்பது வேறு இனம் என்று முன்பு பிரித்திருந்தார்கள், இப்போது பெரும்பாலோர் ஒரே இனமாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். தண்ணீர் 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை இருந்தால் அதற்கு ரொம்பப் பிடிக்கும்.

தூரத்தைப் பொறுத்தவரை, மார்லினையும் வாள் மீனையும்விட இது கரைப்பக்கம் அதிகம் வரும். கடலடி சட்டென்று சரிந்து ஆழமாகிற விளிம்புகள், தீவுகளைச் சுற்றிய பகுதிகள், இரண்டு நீரோட்டங்கள் உரசுகிற கோடு, இங்கெல்லாம் இரை கூடும், இதுவும் கூடும். மலேசியாவின் ரொம்பின், கென்யாவின் மாலிண்டி, வட்டாமு போன்ற ஊர்கள் மயில் மீனுக்கே பெயர் பெற்றவை. ரொம்பின் பக்கம் கடல் அவ்வளவு ஆழம்கூட இல்லை. நெத்திலி கூட்டத்தைத் துரத்திக்கொண்டு அங்கே வந்துவிடுகிறது. அதனால் எத்தனை மைல் என்று ஒரு கணக்குச் சொல்ல முடியாது, இரை எங்கேயோ அங்கே என்பதுதான் சரியான பதில்.

ஒரு கடல்லயிருந்து இன்னொரு கடலுக்குப் போயிடுமா?

நெடுந்தூரம் போகக்கூடியதுதான், ஆனால் சூரை மீன்போலப் பெருங்கடலையே குறுக்கே கடப்பது இதன் வழக்கம் இல்லை. பருவத்துக்கு ஏற்பச் சூடான தண்ணீரோடு வடக்கும் தெற்குமாக நகரும். பாரசீக வளைகுடாவில் நடந்த ஆய்வு இதில் எனக்குப் பிடித்தமானது. ஐக்கிய அரபு அமீரகத்துக் கடலில் அடையாளப் பட்டை கட்டி விட்ட மீன்கள் ஈரான் பக்கம் போய் மாட்டின, ஆனால் வளைகுடாவின் வாயான ஹோர்முஸ் நீரிணையைத் தாண்டி வெளியே வந்ததாகத் தெரியவில்லை. மரபணுவைப் பார்த்தபோதும் அந்த வளைகுடா மீன்கள் தனிக் கூட்டமாகத்தான் தெரிந்தன. பெரிய மீன், பெரிய கடல், அங்கே குறைந்தால் இங்கேயிருந்து வந்து நிரம்பிவிடும் என்று நாம் சும்மா நினைத்துக்கொள்வதற்கு இது நல்ல மறுப்பு.

இவ்ளோ பெரிய மீன், ஆழத்துக்குப் போகாதா?

போகும், தங்காது. செயற்கைக்கோளுக்குத் தகவல் அனுப்பும் கருவி பொருத்திப் பார்த்ததில், பெரும்பாலான நேரம் மேலே பத்து இருபது மீட்டருக்குள்ளேயே இருக்கிறது. மீனவர் கணக்கில் சொன்னால் ஐந்து, பத்துப் பாகத் தண்ணீர் (ஒரு பாகம் சுமார் ஆறடி). நடுநடுவே கணவாய் மாதிரி இரை தேடிக் கீழே பாய்ந்து, நூறு மீட்டர்கூடப் போய்விட்டுச் சீக்கிரம் மேலே வந்துவிடும்.

கீழே தண்ணீர் சில்லென்று இருக்கும், குளிரில் கண்ணும் மூளையும் மந்தமாகிவிடும். அதற்கு இந்த மீன் குடும்பத்திடம் ஓர் அபூர்வ ஏற்பாடு இருக்கிறது. கண்ணை அசைக்கிற தசைகளில் ஒன்று சுருங்கி இழுக்கிற வேலையையே விட்டுவிட்டு, வெப்பம் உண்டாக்குவதை மட்டும் செய்கிறது. உடம்பு முழுவதும் சுடுவதில்லை, கண்ணும் மூளையும் மட்டும் கதகதப்பாக இருக்கும். பார்த்து வேட்டையாடுகிற மீனுக்கு அதுதானே முக்கியம்.

மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்துல போகும்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம் இல்லை. பாடப்புத்தகம், பொது அறிவு வினாடி வினா, எங்கு பார்த்தாலும் இந்த எண் இருக்கிறது. இது வந்த வழி இதுதான்: சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில், அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் லாங் கீ என்ற இடத்தில், தூண்டிலில் மாட்டிய ஒரு மயில் மீன் மூன்று நொடியில் 91 மீட்டர் நூலை இழுத்துக்கொண்டு ஓடியதாகச் சொன்னார்கள். அதைப் பெருக்கினால் கிட்டத்தட்ட மணிக்கு 110 கிலோமீட்டர் வரும். யார் எப்படி அளந்தார்கள், மீன் எகிறியதா நீந்தியதா, நூல் தளர்ந்து ஓடியதா, எதுவும் உறுதியில்லை.

பிற்பாடு ஒழுங்காக அளந்தார்கள். 2015-இல் வெளிவந்த ஆய்வில் வேட்டையாடும் மீன்களை அதிவேகக் கேமராவில் எடுத்து, உடம்பில் வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானி பொருத்திப் பார்த்தார்கள். உச்ச வேகம் நொடிக்கு 8 மீட்டர் சொச்சம், அதாவது மணிக்கு 30 கிலோமீட்டர் அளவு. 2016-இல் இன்னொரு வழியாக, தசை எவ்வளவு சீக்கிரம் சுருங்கி விரிகிறது, ஒரு வாலடிக்கு எவ்வளவு தூரம் நகர்கிறது என்று கணக்குப் போட்டதிலும் ஏறக்குறைய அதே எண்தான் வந்தது. தண்ணீருக்கும் ஒரு வரம்பு உண்டு. நொடிக்கு 10 முதல் 15 மீட்டர் வேகத்தைத் தாண்டினால் துடுப்பின் ஓரத்தில் குமிழிகள் உருவாகி உடைந்து துடுப்பையே அரிக்கத் தொடங்கும் என்கிறார்கள். மணிக்கு 110 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 30 மீட்டர் சொச்சம், அது அந்த வரம்பைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

அப்போ அவ்வளவு வேகம் இல்லேன்னா சாளை எப்படி சிக்குது? மூக்கால குத்தித்தானே பிடிக்குது?

குத்துவது இல்லை, இது எல்லோரும் தவறாக நினைத்துக்கொள்கிற விஷயம். மெக்சிகோவின் கான்குன் அருகில் முகேரெஸ் தீவுக்கு வெளியே, சாளை வகைக் கூட்டங்களை மயில் மீன்கள் வளைக்கிற இடத்தில் ஆய்வாளர்கள் தண்ணீரில் இறங்கிப் படமெடுத்து, 2014-இல் வெளியிட்டார்கள். மீன் கூட்டத்தின் பின்னாலிருந்து நிதானமாக வரும். மூக்கை அப்படியே கூட்டத்துக்குள் நுழைக்கும். சாளைகள் கலைவதில்லை, மெல்லிய அந்த மூக்கு உள்ளே வந்ததே அவற்றுக்கு உறைப்பதில்லை. பெரிய உடம்பு இன்னும் வெளியே இருக்கிறது, ஆனால் ஆயுதம் ஏற்கெனவே இரைக்கு நடுவில். அப்புறம் தலையை ஒரே வெட்டு, பக்கவாட்டில். சில நேரம் வெட்டாமல் ஒரு சாளையை மட்டும் லேசாகத் தட்டி நிலைகுலைய வைத்து விழுங்கிவிடும்.

அந்த வெட்டில் மூக்கின் நுனி நகரும் முடுக்கம், தண்ணீரில் வாழும் முதுகெலும்பிகளில் இதுவரை அளந்தவற்றில் மிக அதிகமான ஒன்று. உடம்பு வேகத்தைப் பற்றி இத்தனை காலம் பேசிக்கொண்டிருந்தோம், உண்மையான வேகம் நுனியில் இருந்திருக்கிறது. மூக்கு முழுவதும் உப்புத்தாள்போலச் சின்னச் சின்னப் பற்கள், கையால் தடவினால் சொரசொரக்கும். பட்ட இடத்தில் சாளையின் செதிள் பெயர்ந்து தண்ணீரில் மினுங்கிக்கொண்டே இறங்கும்.

கூட்டமா வேட்டையாடும்போது ஒண்ணுக்கொண்ணு பேசி வச்சுக்குமா?

திட்டம் போட்டுச் செய்கிறது என்று சொல்லத் தேவையில்லை, முறை வைத்துச் செய்கிறது. ஒரு மீன் உள்ளே போய் வெட்டிவிட்டு விலகும், அடுத்தது வரும். நான்கு தாக்குதலில் ஏறக்குறைய ஒன்றில்தான் இரை சிக்குகிறது. ஆனால் நூற்றுக்கு 95 தாக்குதலில் சாளைகளுக்குக் காயம் படுகிறது. காயம் பட்டவை கூடக் கூட, கூட்டம் சோர்ந்து பிடிப்பது எளிதாகிறது. முதலில் வெட்டியவனுக்கு ஒன்றும் கிடைக்காமல் போகலாம், ஆனால் அந்த வெட்டின் பலன் எல்லோருக்கும் சேர்கிறது, அவனுக்கும் அடுத்த முறையில். ஒரே நேரத்தில் இரண்டு மீன்கள் பாய்ந்து மூக்கால் ஒன்றையொன்று கிழித்துக்கொள்ளும் ஆபத்தும் முறை வைப்பதால் குறைகிறது.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. நமக்கு வலக்கை இடக்கைப் பழக்கம் இருப்பதுபோல ஒவ்வொரு மயில் மீனுக்கும் வெட்டுவதற்கு ஒரு விருப்பப் பக்கம் இருக்கிறது, 2017-இல் வந்த ஆய்வில் இது உறுதியானது. அந்தப் பக்கத்துப் பற்கள்தான் அதிகம் தேய்ந்தும் இருக்கின்றன. ஒரே மீன் திரும்பத் திரும்ப இடப்பக்கமே வெட்டினால் சாளை தெரிந்துகொண்டு ஒதுங்கிவிடும். இடப்பக்கத்தான், வலப்பக்கத்தான் எல்லாம் கலந்து மாறி மாறி வந்தால் அடுத்த அடி எங்கிருந்து விழும் என்று அதற்குத் தெரியாது.

அந்தப் பாய் எதுக்கு? காத்துல ஓடவா?

காற்றில் ஓட இல்லை. சும்மா நீந்தும்போது முதுகுப் பள்ளத்துக்குள் மடங்கித்தான் இருக்கும். இரையை நெருங்கும்போது விரிக்கும். மேலே சொன்ன அந்தப் பக்கவாட்டு வெட்டின்போது தலை ஒரு பக்கம் போனால் உடம்பு எதிர்ப்பக்கம் சுழலப் பார்க்கும். பெரிய பாயும் நீண்ட வயிற்றுத் துடுப்புகளும் விரிந்திருந்தால் உடம்பு அசையாமல் நிற்கும், அடி குறி தப்பாது. விரித்த பாய் சாளைக் கூட்டத்தைத் தப்பவிடாமல் மறித்துக் கட்டவும் உதவுகிறது.

படத்துல நீலமா மின்னுது, மார்க்கெட்ல பார்த்தா சாம்பலா கிடக்கே?

உயிரோடு இருக்கும்போது தோலில் நிறத்தை மாற்றும் செல்கள் நரம்பின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. முதுகு கருநீலம், வயிறு வெள்ளி, பக்கங்களில் வெளிர்நீலப் புள்ளிகள் மேலிருந்து கீழாக வரிசை வரிசையாக. வேட்டை சூடுபிடிக்கும்போது நொடியில் கோடுகள் பளிச்சென்று எரியும். உயிர் போனதும் எல்லாம் அணைந்துவிடும். ஏலக்கூடத்தில் பார்த்தவர்கள் மயில் மீனை இன்னும் பார்க்கவில்லை என்றுதான் நான் சொல்வேன்.

மூக்கு ஒடைஞ்சா செத்துடுமா?

அப்படி இல்லை. மூக்கு பாதி இல்லாமல், ஆனால் நன்றாகக் கொழுத்து இருக்கிற மீன்கள் பிடிபட்டிருக்கின்றன. வேட்டை கடினமாகலாம், வேறு வழியில் சமாளித்துக்கொள்கிறது.

இது எப்போ தூங்கும்? மீன் காட்சியகத்துல ஏன் ஒண்ணுகூட இல்ல?

இரண்டுக்கும் ஒரே காரணம். பல மீன்கள் ஓரிடத்தில் நின்றபடியே வாயைத் திறந்து மூடிச் செவுளுக்குத் தண்ணீர் தள்ளும். மயில் மீன் நீந்திக்கொண்டே, வாய் வழியாகத் தண்ணீரை உள்ளே ஓடவிட்டுத்தான் மூச்சு வாங்கும். நின்றால் மூச்சு முட்டும். நம்மைப்போலப் படுத்து உறங்குவது அதற்கு இல்லை. தொட்டியில் விட்டால் சுவரில் மோதும், அந்த மூக்கோடு திரும்ப இடமும் இராது.

குஞ்சுக்கும் மூக்கு நீளமாத்தான் இருக்குமா?

பிறக்கும்போது இல்லை. தாய் மீன் ஒரு பருவத்தில் பல லட்சம் முட்டை விடும், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, தண்ணீரில் மிதந்தபடி பொரியும். முதலில் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களைத் தின்னும், சில மில்லிமீட்டர் வளர்ந்ததுமே மற்ற மீன் குஞ்சுகளைத் தின்னத் தொடங்கிவிடும். மூக்கு பிறகுதான் நீளும். ஓராண்டுக்குள் ஒரு மீட்டரைத் தாண்டிவிடும், மீன்களில் இவ்வளவு வேகமாக வளர்பவை குறைவு. பிழைத்து வருபவை பத்தாண்டுக்கு மேலும் வாழும்.

ஆளைக் குத்துமா?

வேண்டுமென்று தேடி வந்து குத்தாது. ஆய்வாளர்கள் அந்தச் சாளைக் கூட்டத்துக்குப் பக்கத்திலேயே மிதந்துகொண்டு படமெடுத்திருக்கிறார்கள். ஆபத்து தூண்டிலில் மாட்டிய மீனிடம்தான். 2022-இல் ஃப்ளோரிடாவில் தூண்டிலில் மாட்டிய மயில் மீன் ஒன்று எகிறிப் படகுக்குள் இருந்த 73 வயதுப் பெண்மணியின் இடுப்புப் பக்கம் குத்திவிட்டது, மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். படகருகே வந்த மீனுக்கு நேர் எதிரே நிற்காதீர்கள்.

சாப்பிடலாமா? வஞ்சிரம் மாதிரி இருக்குமா?

சாப்பிடலாம். இலங்கையில் தளப்பத்துக்கு நல்ல மதிப்பு. சதை கொஞ்சம் இறுக்கம், கொழுப்பு குறைவு, அதனால் அதிக நேரம் வறுத்தால் வறண்டுவிடும். குழம்பு மேல். வஞ்சிரத்தின் மென்மையை எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டு எச்சரிக்கை. பெரிய வேட்டை மீன்களின் உடம்பில் பாதரசம் சேரும், தின்ற மீன்களில் இருந்ததெல்லாம் இதில் குவிகிறது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சின்னக் குழந்தைகளும் இதைத் தவிர்த்து சாளை, நெத்திலி, அயிலை சாப்பிடுவதே நல்லது. அடுத்தது ஐஸ். சூரை போலவே இதுவும் ஐஸ் இல்லாமல் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் உண்டாகும், முகம் சிவந்து அரிப்பும் வாந்தியும் வரும். சமைத்தாலும் அது போகாது.

தடை இல்லேன்னா, இது குறையலன்னுதானே அர்த்தம்?

அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் முன்பு கவலை குறைந்த நிலையில் இருந்த இது, 2022-இல் வெளியான மதிப்பீட்டில் அழிய வாய்ப்புள்ள நிலைக்கு வந்துவிட்டது. இந்தியப் பெருங்கடல் சூரை மீன் ஆணையம் 2018-இல் இதற்கு ஆண்டுக்கு 25,000 டன் என்று ஒரு வரம்பு வைத்தது, தாண்டிப் பிடித்த ஆண்டுகளும் உண்டு. கீழ்த்தாடை நுனியிலிருந்து வால் பிளவு வரை 60 சென்டிமீட்டருக்குக் குறைந்ததைப் படகில் வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் அதே தீர்மானம் சொல்கிறது.

பிடிப்பதில் பெரும்பங்கு ஈரான், இந்தியா, பாகிஸ்தான், இலங்கை நாடுகளுடையது. அதிலும் மிகப்பெரும்பங்கு, கண்ணியில் நுழையும் மீன் செவுளில் மாட்டிக்கொள்கிற செவுள் வலையில். சூரைக்கென்று இரவில் மேல்மட்டத்தில் மிதக்கவிடும் வலை அது. இந்த மீன் எந்த ஆழத்தில் இருக்கும் என்று மேலே சொன்னதை நினைத்துப் பாருங்கள், இரண்டும் ஒரே தண்ணீர். பல நாள் கடலிலேயே தங்கி உயிரைப் பணயம் வைத்துப் பிடித்து வருகிற தொழிலாளியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சூரைக்கு விரித்த வலையில் இது வந்து மாட்டுகிறது, அவர் என்ன செய்வார். வலையின் நீளம், மிதக்கவிடும் ஆழம், இதெல்லாம் நாடுகள் சேர்ந்து முடிவுசெய்து, செலவையும் அரசுகள் ஏற்க வேண்டிய விஷயம்.

கடல் சூடாகுதுன்னா சூடு பிடிக்கிற மீனுக்கு நல்லதுதானே?

கேள்வி நியாயமானது, நிறையப் பேர் இதில் சறுக்குவார்கள். மேலே சூடு இருந்தால் போதாது, தண்ணீரில் உயிர்வளியும் (ஆக்சிஜன்) வேண்டும். ஓயாமல் நீந்துகிற மீனுக்கு அது அதிகமாகவே வேண்டும். சில கடல்களில் சில பத்து மீட்டருக்குக் கீழேயே உயிர்வளி குறைந்த அடுக்கு தொடங்கிவிடுகிறது. அட்லாண்டிக், பசிபிக் இரண்டின் கிழக்குப் பகுதியிலும் கருவி பொருத்திப் பார்த்தபோது, அங்குள்ள மயில் மீனும் மார்லினும் அந்த அடுக்குக்குக் கீழே போகாமல் மேலேயே நெருக்கிக்கொண்டு இருப்பது தெரிந்தது. இரையும் அங்கேதான் நெருங்கி இருக்கிறது, அதனால் கொழுத்து வளர்வதும் உண்டு. ஆனால் வலைக்கும் தூண்டிலுக்கும் அது லட்டு மாதிரி.

கடல் சூடாகச் சூடாக இந்த அடுக்கு பெரிதாகி மேலே ஏறுகிறது. உலகின் பெரிய உயிர்வளிக் குறைவு அடுக்குகளில் சில அரபிக்கடலிலும் வங்காள விரிகுடாவிலும் உள்ளன. மேற்பரப்பில் மீன் நிறைய மாட்டுகிறது என்றால் மீன் பெருகிவிட்டது என்று பொருள் இல்லை, இடம் குறுகியதாலும் அப்படி மாட்டும்.

தூண்டில்ல மாட்டினதை உயிரோட விடணும்னா எப்படி விடறது?

தண்ணீரை விட்டு வெளியே எடுக்காதீர்கள், ஒரு படத்துக்காகக்கூட. கையுறை போட்டு மூக்கைப் பிடித்து, நுனி உங்கள் பக்கம் திரும்பாதபடி படகோரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தூண்டில் முள் உள்ளே போயிருந்தால் தோண்டாமல் நூலை முடிந்தவரை அருகில் வெட்டிவிடுங்கள். நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள் பயன்படுத்தினால் பெரும்பாலும் வாயோரத்தில்தான் மாட்டும். வயிற்றுக்குள் போவது குறையும்.

மீன் சோர்ந்திருந்தால் அப்படியே விட்டுவிடாதீர்கள், மூழ்கிச் செத்துவிடும். தூக்கம் பற்றிய கேள்வியில் சொன்னதுதான் காரணம்: நின்றால் அதற்கு மூச்சு இல்லை. படகை மெதுவாக முன்னால் ஓட்டி, தலை முன்பக்கம் பார்க்க, வாய் வழியாகத் தண்ணீர் ஓடும்படி பிடித்துக்கொள்ளுங்கள். நிறம் திரும்பி, வால் தானாக அடிக்கத் தொடங்கியதும் கையை எடுத்துவிடலாம்.